ராஜ தர்மம் இன்று யார் கையில்?

அய்யா துணை

அரசியல் என்ற சொல்லைக் கேட்டாலே அன்பர்களில் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அது சாக்கடை, அதைப் பதிக்குள் கொண்டு வர வேண்டாம் என்கிறார்கள். கட்சிக்கொடி பதிக்குள் வரக் கூடாது என்பது சரிதான். ஆனால் ஆட்சி நடக்கிற விதத்தைத் தர்மத்தின் கண்கொண்டு பார்ப்பது வேறு. ஆளுகிறவன் குடிகளை எப்படி நடத்துகிறான் என்று அய்யா வைகுண்டர் கேட்டார். கேட்டதற்காகச் சிறையும் இருந்தார். அகிலத்திரட்டு அம்மானையில் வரிக்கொடுமையும் ஊழியக்கொடுமையும் வருகிற இடங்களை ஏடு வாசிப்பில் கண்ணீரோடு கேட்டுவிட்டு, இன்றைய ஆட்சியைப் பற்றி ஒன்றும் சிந்திக்காமல் எழுந்து போனால், கேட்ட பலன் பாதிதான் கிடைக்கும்.

யாருக்கு வாக்களிக்க வேண்டும் என்று இந்தப் பாடம் சொல்லாது. எந்தக் கட்சியானாலும், எந்த ஆட்சியானாலும், அதை அளந்து பார்க்க முன்னோர்கள் விட்டுச் சென்ற அளவுகோல் எது, அதை இன்று எப்படிப் பிடிக்க வேண்டும் என்பதே பாடம்.

1. பெயரில் இருந்த தர்மம்

1750-ஆம் ஆண்டு சனவரி மாதம் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா தம் நாட்டைத் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமிக்கு ஒப்படைத்தார். அவருக்குப் பின் வந்த மன்னர்கள் பத்மநாப தாசர் என்ற பெயரோடு, சுவாமியின் அடியாராக ஆண்டார்கள். 1758 முதல் 1798 வரை ஆண்ட கார்த்திகைத் திருநாள் ராமவர்மாவுக்குத் தர்மராஜா என்றே பட்டப்பெயர். திப்பு சுல்தான் படையெடுத்தபோது மலபாரிலிருந்து ஓடி வந்தவர்களுக்கு அவர் அடைக்கலம் கொடுத்தார். அந்த நற்செயலை மறைக்க வேண்டியதில்லை.

அதே நாட்டில்தான் பனையேறியின் தலைக்கு வரி இருந்தது. கூலியில்லாத ஊழியம் இருந்தது. தாழ்த்தப்பட்ட சாதிப் பெண்கள் மார்பை மறைத்துத் துணி போடக் கூடாது, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்கக் கூடாது என்ற கட்டுப்பாடுகள் இருந்தன. ஆண்கள் தலைப்பாகை கட்டவும் குடை பிடிக்கவும் செருப்பு அணியவும் உரிமை இல்லாமல் இருந்தார்கள். அரசு நடத்திய ஊட்டுப்புரைகளில் பிராமணர்களுக்கு இலவச உணவு வழங்கப்பட்டது. அதுவும் தர்மம் என்றே கொள்ளப்பட்டது. அந்தச் சோற்றுக்குப் போன அரசுப் பணத்தில் பனையேறி கட்டிய வரியும் சேர்ந்திருந்தது. அவனோ அந்த வாசலை நெருங்க முடியாது.

1838-இல் அய்யாவைச் சிறைப்படுத்தி, திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் அடைத்தபோது நாட்டை ஆண்டவர் சுவாதித் திருநாள் மன்னர். இசையில் அவருக்குப் பெரிய பெயர் உண்டு. கீர்த்தனங்கள் இயற்றியவர், கலைகளை ஆதரித்தவர் என்று சரித்திரம் புகழ்கிறது. இங்கே அன்பர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆளுகிறவர் பக்திமானாக இருக்கலாம், படித்தவராக இருக்கலாம், கோயிலுக்கு அள்ளிக் கொடுப்பவராகவும் இருக்கலாம். இவை எல்லாம் இருந்தும் ஆட்சி அதர்மமாக இருக்க முடியும்.

அப்படியானால் எதைக் கொண்டு அளப்பது? கீழே தள்ளப்பட்டுக் கிடப்பவரைக் காத்து மேலே கொண்டு வருவது எதுவோ அதுவே தர்மம் என்பது அய்யாவின் போதனை. ஆட்சியின் தர்மத்தை அரண்மனையில் போய்ப் பார்க்க வேண்டாம், கடைசி ஆளின் குடிசையில் போய்ப் பார்க்க வேண்டும். தர்ம ராஜ்யம் என்று பெயர் வைத்த நாட்டில் வாழ்ந்து, அடிபட்டு, கற்றுக்கொண்ட பாடம் இது. ஆகையால் எந்தக் காலத்திலும், தர்மத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு எந்த ஆட்சி வந்தாலும், இந்த மக்கள் பெயரைக் கேட்டு மயங்க வேண்டியதில்லை.

2. பழைய நூல்கள் சொன்ன ராஜ தர்மம்

மகாபாரதத்தில் சாந்தி பருவம் என்ற பெரும் பகுதி இருக்கிறது. போர் முடிந்து, அம்புப் படுக்கையில் கிடக்கும் பீஷ்மர், தருமருக்கு அரசனின் கடமைகளை எடுத்துச் சொல்கிறார். வரி வாங்குவதைப் பற்றி அவர் சொல்லும் உவமைகளை எந்தப் பாமரரும் புரிந்துகொள்ளலாம். பூவுக்கு நோகாமல் வண்டு தேன் எடுப்பது போல அரசன் வரி எடுக்க வேண்டும். கன்றுக்குப் பால் விட்டுவிட்டுத்தான் பசுவைக் கறக்க வேண்டும்.

திருக்குறளில் செங்கோன்மை என்று ஓர் அதிகாரமும் அதற்கு அடுத்துக் கொடுங்கோன்மை என்று ஓர் அதிகாரமும் உண்டு. அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு குடிகளிடம் பொருள் பிடுங்கும் அரசனை, ஆயுதத்தோடு நின்று வழிப்பறி செய்பவனுக்கு ஒப்பிடுகிறார் வள்ளுவர். இறைமாட்சி என்ற அதிகாரத்தில் அரசனின் பண நிர்வாகத்தை நான்கு வேலைகளாகப் பிரிக்கிறார். வருவாய்க்கு வழி உண்டாக்குவது முதல் வேலை. வந்ததைச் சேர்ப்பது இரண்டாவது. சேர்த்ததைக் களவு போகாமல் காப்பது மூன்றாவது. காத்ததை முறையாகப் பங்கிட்டுக் கொடுப்பது நான்காவது. இன்றைக்கு வருடந்தோறும் வெளியாகும் அரசின் வரவு செலவுத் திட்டத்தை இந்த நான்கு தலைப்பில் எழுதிப் பார்த்தால், படிப்பு அதிகம் இல்லாதவருக்கும் பாதி விளங்கிவிடும். வருமானம் எங்கிருந்து வருகிறது, கடன் எவ்வளவு, நடுவில் எங்கே ஒழுகுகிறது, யாருக்குப் போய்ச் சேருகிறது என்ற நான்கு கேள்விகள்தாம் அவை.

பழைய நூல்களில் இன்னொரு கருத்தும் திரும்பத் திரும்ப வரும். குடிகள் செய்யும் புண்ணியத்திலும் பாவத்திலும் அரசனுக்கு ஒரு பங்கு உண்டு என்பதே அது. வரியாக ஒரு பங்கு வாங்குகிறவன் காவல் செய்யக் கடமைப்பட்டவன். காவல் செய்யாவிட்டால் நாட்டில் நடக்கும் தீமையிலும் ஒரு பங்கு அவன் கணக்கில் ஏறும்.

இதே பழைய நூல்களில் சிலவற்றில், ஒரே குற்றத்துக்குச் சாதி பார்த்து வெவ்வேறு தண்டனை சொல்லப்பட்டிருப்பதையும் மறைக்கக் கூடாது. பழமை என்பதற்காக அதையும் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டுமா? அய்யாவின் அளவுகோலை வைத்தால் விடை கிடைத்துவிடும். தாழ்ந்தவனை மேலும் அழுத்துவது எந்த நூலில் இருந்தாலும் அது தர்மம் ஆகாது. தேனீயின் உவமையை எடுத்துக்கொள்ளலாம், சாதித் தண்டனையை விட்டுவிடலாம். நெல்லையும் பதரையும் பிரிக்கச் சுளகு வேண்டும். அய்யாவின் போதனையே அந்தச் சுளகு.

3. அரசன் மாறிவிட்டான்

திருவிதாங்கூரில் 1888-இல் சட்டசபை தொடங்கியது. அதன் உறுப்பினர்களை மன்னரே நியமித்தார். 1904-இல் ஸ்ரீமூலம் பிரஜா சபை வந்தது. அதில் நிலக்காரர்களும் வியாபாரிகளும்தான் இடம் பெற முடிந்தது. வயது வந்த எல்லோருக்கும் வாக்கு என்ற முறையில் திருவிதாங்கூரில் தேர்தல் நடந்தது 1948-இல்தான். 1950 சனவரி 26 முதல் இந்திய அரசியலமைப்புச் சட்டம் நடப்புக்கு வந்தது. அதன் 326-ஆவது பிரிவு வயது வந்த ஒவ்வொருவருக்கும் வாக்குரிமை கொடுத்தது. 1951–52-இல் முதல் பொதுத்தேர்தல் நடந்தது. முதலில் 21 ஆக இருந்த வாக்கு வயது 1989-இல் 18 ஆகக் குறைந்தது.

அதே அரசியலமைப்புச் சட்டத்தின் 15-ஆவது பிரிவில், சாதி மத வேறுபாடு காட்டி யாரையும் தடுக்கக் கூடாத இடங்கள் எவை என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் கடை, உணவு விடுதி, சாலை இவற்றோடு கிணறு, குளம், குளிக்கும் துறை என்ற சொற்களும் இருக்கின்றன. சுவாமித்தோப்பு முத்திரிக் கிணற்றில் எல்லாச் சாதியாரும் ஒன்றாக நீராடியதை நினைத்துப் பார்த்தால், இந்த வரியின் அருமை விளங்கும். சட்டம் நூறு ஆண்டுக்கு மேல் கழித்து எழுதியதை அய்யா அன்றே நடத்திக் காட்டினார்.

இப்போது பாடத்தின் முக்கியமான இடத்துக்கு வர வேண்டும். பழைய நூல்கள் எல்லாம் ராஜ தர்மத்தை ஒரே ஒருவருக்குத்தான் சொன்னன. சிம்மாசனத்தில் இருந்தவன் கேட்டான், மற்றவர்கள் கைகட்டி நின்றார்கள். இன்றைக்கு அந்தச் சிம்மாசனத்தில் யார் ஏற வேண்டும், யார் இறங்க வேண்டும் என்று முடிவு செய்கிறவன் குடிமகன். ஆகவே பீஷ்மர் சொன்ன உபதேசம் இன்று வாக்குச் சீட்டு வைத்திருக்கிறவனுக்குச் சொன்ன உபதேசம் ஆகிறது. பாவ புண்ணியக் கணக்கும் அதோடு திரும்பிவிட்டது. அன்று குடிகளின் பாவத்தில் அரசனுக்குப் பங்கு. இன்று அரசின் பாவத்தில் குடிகளுக்குப் பங்கு. தெரிந்தே திருடனுக்கு வாக்களித்தவன், அந்தத் திருட்டில் எனக்குச் சம்பந்தம் இல்லை என்று அய்யாவின் முன் சொல்ல முடியாது. வாக்களிக்கவே போகாமல் வீட்டில் இருந்தவனும் அப்படிச் சொல்ல முடியாது. காவல்காரன் தூங்கினாலும் களவில் அவனுக்குப் பொறுப்பு உண்டு.

4. நான்கு உபாயங்கள்

சாமம், தானம், பேதம், தண்டம் என்று நான்கு உபாயங்களை அரச நீதி நூல்கள் சொல்கின்றன. இனிய வார்த்தை சொல்லி வசப்படுத்துவது சாமம். பொருள் கொடுத்து வசப்படுத்துவது தானம். ஒற்றுமையாக இருப்பவர்களைப் பிரிப்பது பேதம். பயமுறுத்துவதும் அடிப்பதும் தண்டம். இவை பெரும்பாலும் பகையரசரைக் கையாளச் சொல்லப்பட்டவை.

தேர்தல் காலத்தில் இந்த நான்கும் தெருவில் வருவதை யாரும் பார்க்கலாம். மேடையில் சாமம் ஒலிக்கிறது. இரவில் கவரில் தானம் வருகிறது. சாதிக்கணக்குப் போட்டுப் பேதம் நடக்கிறது. எதிர்த்துப் பேசினால் தண்டம் காத்திருக்கிறது. பகைவனிடம் காட்ட வேண்டிய உபாயத்தைச் சொந்தக் குடிகளிடம் காட்டுகிறவன், அந்தக் குடிகளைப் பகைவராகத்தான் எண்ணுகிறான். ஒரு வேட்பாளரை அளக்க இதைவிட எளிய கேள்வி இல்லை: இவன் நம்மை ஜெயிக்க நினைக்கிறானா, காக்க நினைக்கிறானா?

தானம் என்ற பெயரில் வரும் பணத்தைப் பற்றிச் சற்று விரிவாகப் பார்ப்பது நல்லது. 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தொகுதிகளிலும், 2017-இல் சென்னை ஆர்.கே. நகரிலும், 2019-இல் வேலூர் நாடாளுமன்றத் தொகுதியிலும் பணப் பட்டுவாடா காரணமாகத் தேர்தலே ரத்தாகி, பிறகு வேறு நாளில் நடந்தது. இவை தமிழ்நாட்டில் எல்லோரும் அறிந்த சம்பவங்கள். வாக்குக்குப் பணம் கொடுப்பவர், வாங்குபவர் இருவருமே குற்றவாளி என்பது சட்டம். ஓராண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

“அவன் கொடுக்கிறது நம்ம பணந்தானே, வாங்கிக்கிட்டு மனசுக்குப் பிடிச்சவனுக்குப் போடுவோம்” என்று சொல்வோர் உண்டு. இதில் நியாயம் இருப்பது போலத் தோன்றும். ஆனால் கொடுத்தவன் அதை எங்கிருந்து எடுத்தான், ஜெயித்த பிறகு எப்படி மீட்பான் என்று யோசித்தால் நியாயம் நிற்காது. போட்ட முதலை அவன் சாலையிலும் பள்ளிக்கூடத்திலும் மருந்திலும்தான் எடுப்பான். சொந்தமாகக் கார் வைத்திருப்பவனுக்கு அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இல்லாவிட்டால் பெரிய நஷ்டம் இல்லை. தாழக் கிடக்கிறவனுக்குத்தான் நஷ்டம். அய்யாவின் அளவுகோல் இங்கேயும் அதே பதிலைத் தருகிறது.

இன்னொரு கேள்வியும் எழும். அரசு கொடுக்கும் உதவி எல்லாம் லஞ்சமா? இல்லை. 1956-இல் தமிழக அரசு பள்ளிக்கூடங்களில் தொடங்கிய மதிய உணவை எடுத்துக்கொள்ளலாம். அது பொதுப் பணத்தில், சட்டப்படி, கணக்கோடு நடந்தது. அப்பா யாருக்கு வாக்களித்தார் என்று பார்த்துப் பிள்ளையின் தட்டில் சோறு போடவில்லை. ஊட்டுப்புரைச் சோறு மேலே இருந்தவனுக்குப் போனது, பள்ளிக்கூடச் சோறு பசித்த பிள்ளைக்குப் போனது. முதலாவதற்குத் தர்மம் என்று பெயர் இருந்தது, இரண்டாவதில் தர்மமே இருந்தது. வாக்குக்கு விலையாக இரவில் வரும் கவர் இந்த இரண்டிலும் சேராது. அதற்குச் சரியான பெயர் கைக்கூலி. காணிக்கையும் கைக்கூலியும் வேண்டாம் என்று விலக்கியவர் அய்யா. தம்மிடம் வருகிறவர்களிடம் காணிக்கை வாங்காத அய்யாவின் மக்கள், வாக்குக்காகக் கை நீட்டலாமா?

பதிக்கு வரும் ஆண்கள் தலைப்பாகை கட்டுகிறார்கள். தலையில் துணி கட்டக் கூடாது என்று தடுக்கப்பட்டவர்களுக்கு அய்யா கொடுத்த மானம் அது. சட்டம் கொடுத்த தலைப்பாகை வாக்கு. சில நூறு ரூபாய்க்கு அதை அவிழ்த்துக் கொடுப்பவன் பதிக்குள் கட்டுகிற தலைப்பாகைக்கும் அர்த்தம் இல்லாமல் போகிறது.

5. கண்ணாடியின் முன்

அகிலத்திரட்டு சொல்லும் வரலாற்றில் குறோணியின் துண்டங்கள் யுகந்தோறும் பிறக்கின்றன. ஒரு யுகத்தில் இராவணனாக, ஒரு யுகத்தில் துரியோதனனாக, கடைசியில் கலியனாக. இராவணனும் துரியோதனனும் சிம்மாசனத்தில் இருந்தார்கள், அவர்களைக் கை நீட்டிக் காட்ட முடிந்தது. கலியோ மாயையாக மனிதர் மனத்துக்குள் குடியிருக்கிறது. ஒருவரைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டால் கலி போய்விடாது என்பதற்கு இதுவே காரணம்.

பதிகளில் பள்ளியறைக் கண்ணாடியின் முன் நின்று வணங்குகிற மக்கள், அரசியலையும் அந்தக் கண்ணாடியின் முன் வைத்துப் பார்க்க வேண்டும். நமக்கு அநியாயம் நடந்தபோது தர்மத்தைப் பேசினோம். நமக்குக் கீழே இன்று ஒருவன் இருக்கிறானா? அவனுக்கு நாம் யார்?

மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் என்ற ஊராட்சிகளில் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. அதை ஏற்க மனமில்லாமல், 1996 முதல் சுமார் பத்தாண்டு காலம் அங்கே முறையான தேர்தலே நடக்கவில்லை. 2006-இல்தான் நடந்தது. அந்த ஊர்க்காரர்களைக் குறை சொல்வது சுலபம். குமரி மண்ணில் மேலாடைக்காக அடிபட்டவர்களின் பேரப்பிள்ளைகள், 1859-இல் மன்னர் விளம்பரம் வந்த பிறகே அந்த உரிமையைச் சட்டப்படி பெற்றவர்களின் வாரிசுகள், தங்கள் ஊரில் ஒரு தாழ்த்தப்பட்ட பெண் தலைவராக வந்து நாற்காலியில் அமரும்போது மனத்துக்குள் என்ன நினைக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் கடினம். நம் சாதிக்காரன் ஜெயித்தால் போதும் என்ற எண்ணம் வரும்போது, அங்கே பேசுவது அய்யாவின் பிள்ளை அல்ல. கலி பேசுகிறது.

6. செய்ய வேண்டியவை

வாகைப்பதியில் எழுநூறு குடும்பத்தார் துவையல் தவம் இருந்தார்கள். ஒன்றாக உழைத்து, ஒன்றாகச் சமைத்து, ஒரே பந்தியில் உண்டார்கள். தங்களைத் தாங்களே ஒழுங்காக நடத்திக்கொள்ள அங்கே பழகினார்கள். அன்பர்கள் இன்று பழக வேண்டியவை இவை.

வேட்பாளரைப் படிக்க வேண்டும். 2002, 2003 ஆண்டுகளில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புகளால், ஒவ்வொரு வேட்பாளரும் தம் மீதுள்ள குற்ற வழக்கு, சொத்து, கடன், படிப்பு இவற்றைப் பிரமாணப் பத்திரத்தில் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதைத் தேர்தல் ஆணையம் வெளியிடுகிறது. இளைஞர்கள் கைப்பேசியில் எடுத்துப் பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டலாம். பெண் கொடுக்கும் முன் மாப்பிள்ளையை விசாரிப்பவர்கள், ஊரைக் கொடுக்கும் முன் இவ்வளவாவது விசாரிக்க வேண்டும்.

கிராம சபைக்குப் போக வேண்டும். தமிழ்நாட்டில் சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் அது கூடுகிறது. ஊராட்சியின் வரவு செலவு அங்கே வைக்கப்படும். தாங்கல் திருநாள் முடிந்ததும் ரூபாய் கணக்குக் கேட்கிற நாவு, ஊராட்சிக் கணக்கு வரும்போது ஏன் ஒட்டிக்கொள்ள வேண்டும்? அங்கே கேட்டும் பதில் வராவிட்டால், 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டணத்தில் மனுப் போடலாம். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது விதி.

கேட்கும்போது கோபம் வேண்டாம். அய்யாவைப் பிடித்துக் கட்டியபோது கூடி நின்ற மக்களுக்கு அவர் சொன்னது பொறுமை. பயந்த பொறுமை அல்ல அது. மன்னர் முன் தலை குனியாமல் நின்றவரின் பொறுமை. பலனை எதிர்பாராமல் உலக நன்மைக்காகக் கடமையைச் செய்யச் சொல்கிறது கீதை. கேள்வி கேட்பவருக்கு உடனே பலன் கிடைக்காமல் போகலாம். சாலை அடுத்த வருடம் வரலாம், வராமலும் போகலாம். கேட்பது கடமை.

தாங்கலில் கூடிப் பேசுவதற்கு

1. கடைசியாக நடந்த கிராம சபையில் இந்தத் தாங்கலிலிருந்து எத்தனை பேர் கலந்துகொண்டார்கள்? அங்கே என்ன தீர்மானம் போடப்பட்டது?

2. அண்மையில் அரசு கொண்டு வந்த ஒரு திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரிலேயே மிகவும் தாழ்ந்த நிலையில் இருப்பவருக்கு அதனால் வந்த நன்மை என்ன?

3. சாமம், தானம், பேதம், தண்டம் இவற்றில் எதற்கு ஊர் மக்கள் எளிதில் விழுகிறார்கள்? ஏன்?

4. கையில் காசில்லாத தாய் ஒருத்தி வீட்டு வாசலில் கவர் வந்து விழுகிறது. அவள் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமானால், தாங்கல் அன்பர்கள் அவளுக்கு என்ன துணை செய்ய வேண்டும்?

நான்காவது கேள்விக்கு அவசரமாகப் பதில் சொல்ல வேண்டாம். பசித்தவளுக்குப் புத்தி மட்டும் சொல்வது தர்மம் ஆகாது. தாங்கலின் அன்ன தர்மமும் அன்பர்களின் கைமாற்றும் அவள் வீட்டை முதலில் சென்றடைந்தால், கவருக்கு அந்த வாசலில் வேலை இருக்காது.

அய்யா உண்டு.